எண்ணெய் விட்டாச்சோ

ரெக்ஸ்டேல்,
19 ஓகஸ்ட் 2024

அன்புள்ள கஜனி மச்சாளுக்கு,

என் தொலைபேசி இலக்கத்தைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அனுப்பும் செய்தி எதுவும் போய்ச் சேருவதில்லை. தபால்காரரைத் தடுக்க உங்களுக்கு வழியில்லை என்பதால் பேனாவை எடுத்திருக்கிறேன்.

உங்கள் தோள் எலும்பு பொருந்திவிட்டது என்று நிதுசன் சொன்னார். எனக்குப் புருஷன், உங்களுக்குத் தம்பி என்ற ஒரே குற்றத்துக்காக அவர் ரெக்ஸ்டேலுக்கும் மிசிசாகாவுக்கும் இடையில் செய்தி காவிக் காவி மெலிந்துபோனார். அதுவும் நல்லதுதான், கொஞ்சம் மெலிய வேண்டியவர்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் பதினாறு, ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் வழக்கமாக ஓடும் மாக்கஸின் பண்ணை, வண்டியை மாற்றி ஓடிய நாள். சேற்றில் ஓடும் என் மஞ்சள் மூன்றுசில்லு மோட்டார் வண்டியில் நீங்கள் மேட்டில் ஏறும்போது எஞ்சின் இறுகியது. பின்சில்லுகள் அப்படியே நின்றன, நீங்கள் கைபிடிக்கு மேலால் போய் விழுந்தீர்கள். உங்கள் சிவப்பு வண்டியில் பின்னால் வந்த நான் அதைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனதும் நான்தான். அங்கே வைத்து முகத்தைத் திருப்பிய நீங்கள் இன்றுவரை திரும்பவில்லை.

எஞ்சினைக் கழற்றிப் பார்த்தேன். பிஸ்ரன் சிலிண்டரோடு ஒட்டிக்கிடந்தது. என் வண்டியின் ரூ-ஸ்ரோக் எஞ்சினுக்குப் பெற்றோலோடு ஒயில் கலந்துதான் ஊற்ற வேண்டும் என்று நான்கு வருடமாகச் சொல்லி வருகிறேன். தாங்கியில் இருந்ததோ வெறும் பெற்றோல். மத்தியானம் சிவப்புப் பெற்றோல் கானைத் தூக்கி ஊற்றியது நீங்கள். "தெரியாமல் ஊத்திப்போட்டன் மச்சாள்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் அன்றே மறந்திருப்பேன். நீங்களோ போன மாதம் உங்கள் தம்பியிடம் வேறு கதை சொன்னீர்கள். அவர் சமைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டிருந்தார், நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "உன்ர மனிசி என்னட்டப் பொய் சொன்னவள், நிது." வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு அழுதேன்.

செப்ரெம்பர் முப்பதாம் திகதி ஹமில்ரனிலிருந்து ஒருவர் வந்து மஞ்சள் வண்டியை எடுத்துப்போகிறார். பாகம் பாகமாகக் கழற்றி எடுப்பாராம். நாற்பது வருடத்து வண்டி, மறுபடி கிடைக்காது. நான் பொய் சொல்லவில்லை என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் அவரை வரவேண்டாம் என்பேன். இல்லாவிட்டால் போகட்டும். அதைப் பார்க்கும்போதெல்லாம் உங்கள் வசனம்தான் கேட்கிறது.

யதுஷா


மிசிசாகா,
26 ஓகஸ்ட் 2024

யதுஷாவுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. எழுத்துப்பிழை இல்லை. நிதுசன் திருத்தியிருப்பான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் விமான நிலையச் சரக்குப் பிரிவில் பதினேழு வருடமாக இருக்கிறேன். கேட்காமல் ஒரு பெட்டியையும் தூக்கியதில்லை. அன்றும் அந்தக் கலனைத் தூக்கமுன் உம்மிடம் கேட்டேன். நீர் திரும்பியும் பாராமல் ஓம் என்றீர். அதை நம்பி ஊற்றினேன். என் காறை எலும்பு இரண்டாக முறிந்தது. கலக்காததைக் கலந்ததாகச் சொல்வதற்கு வேறு நல்ல பெயர் இருந்தால் எழுதி அனுப்பும், திருத்திக்கொள்கிறேன்.

ஏன் அப்படிச் சொன்னீர் என்பதும் எனக்குத் தெரியும். உமக்கு அவசரம். என் சிவப்பு வண்டியில் இன்னொரு சுற்றுப் போக வேண்டும் என்று கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்றீர்.

இனி, எங்கள் பழைய வழக்கு. எது நல்லது என்று நாங்கள் நான்கு வருடம் இழுபட்டதைக் கேட்டுக் காது புளித்துத்தான் மாக்கஸ் ஒருநாள் வண்டியை மாற்றி ஓடிப் பார்க்கச் சொன்னான். ஓடினேன், தீர்ப்பும் சொல்கிறேன். நீர் ரூ-ஸ்ரோக் என்னும் உமது ஈரடிப்பு எடை குறைந்தது, ஒத்துக்கொள்கிறேன். வளைவில் உடம்பை வெளிப்பக்கம் சரித்தால் சொன்னபடி திரும்புகிறது. ஆனால் வேக விசையை அமத்தினால் முதலில் ஒன்றும் நடக்காது, பிறகு எல்லாம் ஒரேயடியாக நடக்கும். என் நாலடிப்பு தவழும் வேகத்திலேயே வேரையும் கல்லையும் ஏறிக் கடக்கும். இறக்கத்தில் விசையை விட்டால் இயந்திரமே வண்டியைப் பிடித்து வைக்கும். அதற்குரிய மசகெண்ணெய் அடியில் தனியாக இருக்கிறது, யாரையும் கேட்டு ஊற்றத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்கு ஓடி, திங்கட்கிழமை வேலைக்குப் போக விரும்புகிறவருக்கு நாலடிப்புத்தான் வண்டி.

நீர் கேட்ட வரியை என்னால் எழுத முடியாது. வண்டியை விற்பது உமது விருப்பம்.

கஜனி


ரெக்ஸ்டேல்,
2 செப்ரெம்பர் 2024

மச்சாள்,

கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து என்னை 'நீ' என்று கூப்பிட்ட ஆள், இப்போது 'நீர்', 'உமது' என்று எழுதுகிறீர்கள். மரியாதை கூடியிருக்கிறது என்று சந்தோஷப்பட நான் அவ்வளவு மொக்கு இல்லை. உங்கள் வீட்டில் கோபம் வந்தால்தான் 'நீர்' வரும் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் 'மசகெண்ணெய்' என்னவென்று நிதுசனிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை, இரண்டு பேரும் அகராதி பார்த்தோம். ஒயிலாம். உங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

நீங்கள் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மச்சாள், எங்கே வேண்டுமென்றாலும் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்கிறேன், ஒயில் என்ற சொல் அன்று முழுக்க உங்கள் வாயிலிருந்து வரவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் ஓடி வந்து கலந்து தந்திருப்பேன். முப்பத்திரண்டு பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு ஒயில். எனக்கு அது சோற்றுக்கு உப்புப் போடுகிறமாதிரி, மறக்கவே மாட்டேன். அன்றைக்கென்று வாங்கிய புது ஒயில் போத்தல் இன்னும் என் பையில் கிடக்கிறது, மூடியின் முத்திரைகூட உடையவில்லை.

இன்னொன்று. எஞ்சின் இறுகுகிறபோது கிளச்சை ஒரு பிடி பிடித்திருந்தால் சில்லு உருண்டிருக்கும், நீங்கள் விழுந்திருக்க மாட்டீர்கள். உங்கள் சிவப்பில் கிளச் நெம்பே கிடையாது, எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். நான்கு வருடம் சும்மா இருந்த இடது கைக்கு ஆபத்தில் வேலை தெரியவில்லை. இதுதான் ஃபோர்-ஸ்ரோக்கைப் பற்றிய என் தீர்ப்பு: ஓடுகிறவரை அது நித்திரையாக்கிவிடும்.

என் ரூ-ஸ்ரோக் அப்படி விடாது. மேட்டில் அந்த இடம் வந்து, சத்தம் மாறி, முன்சில்லு நிலத்தைவிட்டு ஒரு சாண் எழும்புகிறபோது நீங்கள் சிரித்தீர்கள். ஹெல்மெற்றுக்குள் கேட்டது. காலையில் முதல் சுற்றில், விழுவதற்கு முன். அதை ஏன் தீர்ப்பில் எழுதவில்லை?

அப்பாவுக்கு இன்னும் கதை விளங்கவில்லை. ஊரில் லொறி ஓடியவருக்கு 'த்ரீ வீலர்' என்றால் ஓட்டோதான். "மிசிசாகா மச்சாள் ஓட்டோவால விழுந்திட்டாவோ? பின்னால ஆக்கள் இருந்தவையோ?" என்று கேட்டார். இருந்தார்கள், பயணிகள் தப்பிவிட்டார்கள் என்று சொல்லி வைத்தேன்.

முப்பதாம் திகதிக்கு இன்னும் நான்கு கிழமை இருக்கிறது.

யதுஷா


மிசிசாகா,
9 செப்ரெம்பர் 2024

யதுஷாவுக்கு,

ஓட்டோ கதைக்குச் சிரித்தேன். அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கிளச் விஷயத்தில் நீர் சொல்வது சரி. என் கை போகவில்லை. உடற்பயிற்சி தரும் செரீனா இப்போது அந்தக் கையால் ரப்பர்ப் பந்தை நசுக்கச் சொல்கிறாள். நசுக்கும்போதெல்லாம் 'கிளச்' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன். சிரித்ததும் உண்மை. நீதியாக எழுத வேண்டும் என்பதால் ஒத்துக்கொள்கிறேன்: அந்த மேட்டில் உமது வண்டி தந்ததை என் வண்டி நான்கு வருடத்தில் ஒருநாளும் தந்ததில்லை.

ஆனால் எலும்பு முறிந்ததைவிட நோவது ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகள். நானூற்றிப் பத்தாம் நெடுஞ்சாலையில் ஏறி, ஒறேஞ்ச்வில் தாண்டும்வரை நீர் வாயை மூடாமல் கதைப்பீர். நான் எரிச்சல்பட்டதுபோல் காட்டிக்கொள்வேன். எனக்கு இந்த நாட்டில் அலுவலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், கோயிலில் ஆட்கள் இருக்கிறார்கள், நாற்பது வயதில் சேற்றில் விழுந்து எழும்ப ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். அவள் என்னிடம் பொய் சொன்னாள் என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அதனால்தான் இலக்கத்தைத் தடுத்தேன். உமது குரலைக் கேட்டால் மன்னித்துவிடுவேன், மன்னித்த பிறகும் நம்பமாட்டேன். அது இன்னும் கேவலம்.

சரக்குப் பிரிவில் ஒரு பெட்டி தவறினால் நாங்கள் யாரையும் திட்டுவதில்லை. பெட்டி எந்தெந்தக் கையால் போனதோ அந்தக் கைகள் ஒவ்வொன்றிடமும் நடந்ததை நடந்தபடி எழுதி வாங்குவோம். யார் என்ன கேட்டார், யார் என்ன சொன்னார், அதே சொல்லில். அந்தச் சிவப்புக் கலன் உமது வீட்டிலிருந்து வெளிக்கிட்டதிலிருந்து என் கைக்கு வந்ததுவரை எழுதும். உமது விளக்கம் வேண்டாம், நடந்தது மட்டும் போதும்.

கஜனி


ரெக்ஸ்டேல்,
15 செப்ரெம்பர் 2024

மச்சாள்,

கஸ்டம்ஸ் அதிகாரிக்கு எழுதுகிறமாதிரி எழுதுகிறேன்.

காலை ஏழரைக்கு நிதுசனும் நானும் மஞ்சள் வண்டியை ரெயிலரில் ஏற்றினோம். தாங்கியில் முதல் கிழமை கலந்தது பாதி இருந்தது. சிவப்புக் கான் இரண்டும் வெறுமை. அல்பியன் வீதி நிரப்பு நிலையத்தில் நிறுத்தி இரண்டு கானுக்கும் நானே எண்ணெய் அடித்தேன், கழுத்துவரை. ஒயில் போத்தல் பையில் இருந்தது, பண்ணையில் வைத்துக் கலப்பதுதான் என் பழக்கம், உங்களுக்கே தெரியும். எட்டேகாலுக்கு உங்களையும் சிவப்பு வண்டியையும் ஏற்றினோம். நீங்கள் உளுந்து வடை கொண்டுவந்தீர்கள், நிதுசன் ஆறு சாப்பிட்டார்.

ஒன்பதரையிலிருந்து பதினொன்றரைவரை ஓட்டம். தொடக்கத்திலேயே வண்டியை மாற்றிக்கொண்டோம். மத்தியானம் சாப்பாடு. நிதுசன் மாக்கஸோடு வேலி பார்க்கப் போய்விட்டார். மஞ்சள் வண்டியின் தாங்கி கிட்டத்தட்ட வற்றியிருந்தது. நீங்கள் ரெயிலருக்குப் பக்கத்தில் நின்றீர்கள், நான் உங்கள் சிவப்பில் ஏறி இருந்தேன். அது ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் கானில் கையை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "இதுக்கு எண்ணெய் விட்டாச்சோ?" நான் சொன்னது, "ஓம் மச்சாள், காலமையே விட்டாச்சு." காலையில் நானே அடித்ததுதானே. இதில் எங்கே பொய்? ஒயிலைப் பற்றி நீங்கள் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. நீங்களே கலப்பீர்கள் என்று நினைத்தேன், போத்தல் பக்கத்திலேயே இருந்தது. பிறகு நான் புறப்பட்டேன், நீங்கள் என்னை முந்திக்கொண்டு மேட்டுக்குப் போனீர்கள்.

நடந்தது இவ்வளவுதான். பதினைந்து நாள் இருக்கிறது. இனி நான் எழுதமாட்டேன்.

யதுஷா


மிசிசாகா,
19 செப்ரெம்பர் 2024

யதுஷா,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்று வாசித்தேன். மூன்றாம் தடவை வாசிக்கும்போது கதிரையை இழுத்து இருந்துவிட்டேன்.

'இரண்டு கானுக்கும் எண்ணெய் அடித்தேன்.' நீ பெற்றோலுக்கு எண்ணெய் என்றும் சொல்கிறாய். உன் அப்பாவும் அப்படித்தான் சொல்வார், இப்போது ஞாபகம் வருகிறது. "எண்ணெய் அடிச்சிட்டு வாறன்" என்று காரை எடுத்துக்கொண்டு போவார். எத்தனை தரம் கேட்டிருக்கிறேன், லொறி ஓடிய வீட்டுப் பேச்சு என்று சிரித்தும் இருக்கிறேன்.

நான் கேட்டது ஒயிலை. என் வாயில் ஒயில் வராது. சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு 'எண்ணெய் என்று சொல்லுங்கோ' என்று திருத்தித் திருத்தி எனக்கே அது பழகிவிட்டது. பெற்றோலுக்கு நான் பெற்றோல் என்றே சொல்வேன், அதற்கு மட்டும் தமிழ் தேடவில்லை. தேடியிருந்தால் என் எலும்பு தப்பியிருக்கும்.

நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் சொல்லவில்லை. உன் காதில் விழுந்த கேள்விக்கு உண்மையான பதில் சொன்னாய். நான் உன்னைப் பொய்காரி என்றேன், அதுவும் உன் புருஷனிடம். மூன்று மாதம் அதை நம்பினேன். நம்பிக்கொண்டு நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாக நித்திரை கொண்டேன். அதுதான் எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

நீ கேட்டது ஒரு வரி. எழுதுகிறேன். யதுஷா பொய் சொல்லவில்லை. நிதுசனும் வாசிக்கட்டும், தேவையென்றால் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வை. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். வாயால் போட்ட பழி உங்கள் இரண்டு பேரின் காதிலும் விழுந்தது, எடுப்பது கையெழுத்தாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். தபாலில் போட்டால் நாள் போகும். வேலை முடிந்து வரும் வழியில் நானே உன் கதவுப் பெட்டியில் போடுகிறேன். மணி அடிக்கமாட்டேன், உன் முகத்தைப் பார்க்க இன்னும் ஒரு நாள் வேண்டும்.

ஹமில்ரன்காரனை வரவேண்டாம் என்று சொல். நிதுசனிடம் சிலிண்டர் அளவைக் கேட்டு வாங்கி, பிஸ்ரனும் வளையமும் ஓஹையோவில் ஒரு கடையில் பிடித்திருக்கிறேன். சரக்குப் பிரிவில் பதினேழு வருடம் இருந்ததற்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் எதற்கு?

உன் இலக்கத்தை விடுவித்துவிட்டேன். ஆனாலும் பதிலை எழுதியே அனுப்பு. உன் கையெழுத்து எனக்குப் பழகிவிட்டது.

கஜனி


ரெக்ஸ்டேல்,
2 ஒக்ரோபர் 2024

அன்புள்ள மச்சாள்,

உங்கள் வரி குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டப்பட்டிருக்கிறது. அப்பா வந்தபோது வாசித்துவிட்டு, "உதை ஏன் எழுதி வைச்சிருக்கிறியள், நீ பொய் சொல்லாட்டி அது செய்திதானோ?" என்றார். எண்ணெய்க் கதையைச் சொன்னேன். "எண்ணெய் எண்டா எண்ணெய்தானே, இதில என்ன குழப்பம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். உங்கள் அகராதியை ஒருநாள் அவரிடம் அனுப்ப வேண்டும்.

பிஸ்ரன் வந்தது. சிலிண்டரை ஒரு லேத் பட்டறையில் கொடுத்துச் சுரண்டி எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மேசையில் பத்திரிகை விரித்துப் பூட்டினேன். மூன்று மணித்தியாலம். வால்வு இல்லை, சங்கிலி இல்லை, பிஸ்ரன், வளையம், மூடி, முடிந்தது. உங்கள் நாலடிப்பை இப்படி வீட்டு மேசையில் பிரித்துப் பூட்டுங்கள் பார்ப்போம். மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் புகையைப் பார்த்துவிட்டு நலம் விசாரித்தார்.

இப்போது நானும் ஒரு வரி எழுத வேண்டும். நீங்கள் முதல் கடிதத்தில் எழுதியது உண்மை. அன்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உங்கள் கை கானில் இருப்பதையும் போத்தல் பையைவிட்டு வெளியே வராததையும் கண்டிருப்பேன், இரண்டு சொல்லில் தீர்ந்திருக்கும். பார்க்காததற்குக் காரணம் அவசரம். அவசரத்துக்குக் காரணம் உங்கள் சிவப்பு. அந்த ஓடைப்பக்கத்து இறக்கத்தில் விசையை விட்டதும் அது முனகிக்கொண்டு தானாக மெல்ல இறங்கியதே, பிரேக்கில் கை வைக்காமல் மரங்களைப் பார்த்துக்கொண்டு இறங்கினேன். நான்கு வருடத்தில் அந்த மரங்களை முதல்தடவை பார்த்தேன். எனக்கு அது பிடித்துவிட்டது மச்சாள். மறுபடி போகத்தான் துடித்துக்கொண்டிருந்தேன். ஃபோர்-ஸ்ரோக் பிடித்தது என்று உங்களிடம் சொல்வதைவிட வண்டியை விற்பது சுகமாக இருந்தது. உங்கள் எலும்பில் என் பங்கு அது. என்னை மன்னியுங்கள்.

தாங்ஸ்கிவிங் விடுமுறை ஞாயிறு, பதின்மூன்றாம் திகதி, மாக்கஸ் வரச் சொல்லியிருக்கிறான். பனி விழமுன் கடைசி ஓட்டம். எனக்கு அன்று காலை வேலை, நேரே பண்ணைக்கு வருவேன். உங்களையும் இரண்டு வண்டியையும் நிதுசன் கொண்டுவருவார். மஞ்சள் உங்களுக்கு, சிவப்பு எனக்கு. அதே மேடு. பயமாக இருந்தால் சொல்லுங்கள், இருந்து வடை சாப்பிடுவோம்.

யதுஷா


(சிவப்புக் கானின் கைபிடியில் கட்டியிருந்த அட்டை)

மாக்கஸ் பண்ணை,
13 ஒக்ரோபர் 2024

யது,

எனக்குப் பயமில்லை. கிளச் பிடிக்கும் கை இப்போது பந்தை உடைக்கும். நீ வரமுன் ஒரு சுற்று ஓடிப்பார்க்கப் போகிறேன், மேட்டின் மேலே நிற்பேன். சிவப்பு சூடாக நிற்கிறது, ஏறி வா.

இந்தக் கானுக்கு நான் என் கையாலேயே ஒயில் விட்டாச்சு. ஒயில். சனிக்கிழமைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப்போடாதே.

கஜனி